அவருக்குப் பதினைந்து, எனக்குப் பதினைந்து

2020 டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் பின்னேரம், கொழும்பிலுள்ள வானொலி நிலையமொன்றிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். வயதில் இளையவர். மிகுந்த மரியாதையோடுதான் பேசினார்.

"சேர், ஜனாஸா விசயமா ஒரு கலந்துரையாடல் செய்யப் போறம். முஸ்லிம் தரப்புல நீங்க பேசணும். மற்றத் தரப்புலயும் ஒருத்தர் இருப்பார். அவருக்குப் பதினைஞ்சு நிமிசம், உங்களுக்கும் பதினைஞ்சு நிமிசம். ஒரு செக்கன் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. நாங்க பக்கச்சார்பு இல்லாம நடத்துறம்."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதோடு மட்டுமல்ல, மனதுக்குள் மகிழ்ந்தும் போனேன். அந்த ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானியின்படி, கொவிட் தொற்றால் இறந்தவர்கள் எல்லோரும் தகனம் செய்யப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. எட்டு மாதங்களாக எமது சமூகம் கெஞ்சியும் மன்றாடியும் வழக்காடியும் பார்த்திருந்தது. அந்த எட்டு மாதங்களில் நாம் கேட்ட ஒலிபரப்புகளில் பெரும்பாலானவை எம்மைப் பற்றிப் பேசினவே தவிர, எம்மோடு பேசவில்லை. இப்போது ஒருவர் சரிபாதி நேரம் தருகிறேன் என்கிறார். இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

நிகழ்ச்சி நடப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் என் சாச்சி கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் மௌத்தாகியிருந்தார். என் உம்மாவின் இளைய சகோதரி. உம்மா நோயில் படுத்திருந்த காலத்தில் எனக்கும் தங்கைக்கும் சோறு ஊட்டி வளர்த்தவர். எழுபத்தாறு வயது. பிள்ளைகள் எவருக்கும் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, தொழுவிக்கவில்லை. மயானத்தின் வாசலில் நின்ற அவரது மகனுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு கடதாசித் துண்டு மட்டுமே.

இந்தத் துயரத்தை நான் நிகழ்ச்சியில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பு: "அடக்கமா, தகனமா? இரு தரப்பும் பேசுகின்றன." மற்றத் தரப்பில் பேசியவர் வைத்தியரல்லர், ஓர் அமைப்பின் பொறுப்பாளர். அடக்கம் செய்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்றார். நான் உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டலை எடுத்துச் சொன்னேன். கொவிட்டால் இறந்தவரை அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று அதிலே தெளிவாக இருக்கிறது. உலகின் எத்தனையோ நாடுகள் அடக்கம் செய்துகொண்டிருந்தன. அதற்கு அவர் அமைதியாகப் பதில் சொன்னார்: "அது அவங்கட கருத்து. எங்கட நாட்டுக்கு எங்கட கருத்து இருக்கு."

அறிவிப்பாளர் நேரத்தைச் சரியாகப் பார்த்துக்கொண்டார். முப்பது நிமிடங்கள் முடிந்ததும் இனிமையான குரலில் சொன்னார்: "நேயர்களே, இரண்டு கருத்துகளையும் கேட்டீர்கள். முடிவு உங்கள் கைகளில்."

தொலைபேசியை வைத்துப் பத்து நிமிடங்கள் ஆகவில்லை. சாச்சியின் மகன் அழைத்தார்.

"நானா, கேட்டேன். நல்லாத்தான் பேசினீங்க." சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனா உம்மாவைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல்லியே நானா" என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. சொந்தத் துக்கத்தைச் சொன்னால் அது பக்கச்சார்பாகிவிடும் என்று நானே நினைத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. எனக்குத் தரப்பட்ட பதினைந்து நிமிடங்களுக்குள் நான் ஒரு "தரப்பு" ஆகிப் போயிருந்தேன். ஒரு தரப்புக்குச் சாச்சி இருக்க முடியாது. வாதங்கள்தாம் இருக்க முடியும்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. விழித்துக் கிடந்தபோது வாப்பாவின் கடைத் தராசு நினைவுக்கு வந்தது.

வாப்பா கல்முனைப் பக்கத்தில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். வருடத்தில் ஒரு தடவை அரசாங்க உத்தியோகத்தர் வந்து தராசையும் படிக்கற்களையும் பரிசோதித்து முத்திரை குத்திவிட்டுப் போவார். ஆயினும் வாப்பா அந்த முத்திரையோடு நின்றுவிடுவதில்லை. காலையில் கடை திறந்ததும் வெறுந்தட்டுகள் இரண்டையும் துடைத்து, தூக்கிப் பிடித்து, முள் நேரே நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு தட்டுகளைத் திருப்பி அடியிலும் பார்ப்பார். "என்னத்துக்கு வாப்பா அடியில பாக்குறீங்க?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "தட்டுக்கு அடியில புளி ஒட்டுறவன் இருக்கான் மகன். மேல பாத்தா ஒன்டும் தெரியாது" என்றார்.

அரிசி மூட்டைகளுக்கு மேலே பலகைத் தட்டில் ஒரு நெஷனல் ரேடியோ இருந்தது. மின்சாரம் இல்லாத நாட்களில் நான்கு பற்றரிகள் போட்டு இயக்குவோம். காலையில் இலங்கை வானொலிச் செய்தி, முஸ்லிம் சேவை, இரவில் லண்டன் தமிழோசை, இடையில் இந்திய வானொலி. ஒரே சம்பவத்தை மூன்று இடங்களில் கேட்காமல் வாப்பா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். தேர்தல் வந்தால் வேட்பாளர்களுக்கு அரச வானொலியில் ஒதுக்கப்படும் இலவச நேரத்தையும் ஒன்று விடாமல் கேட்பார். ஊரில் எவருக்கும் பெயர் தெரியாத வேட்பாளர் பேசினாலும், "பேசட்டும், அவரும் ஆள்தானே" என்று ஒலியைக் கூட்டி வைப்பார்.

1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த நாட்களை மறக்க முடியாது. ரேடியோவில் குற்றச்சாட்டும் மறுப்பும் மாறி மாறி ஒலித்தன. வாப்பா இரவிரவாகக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அணைத்துவிட்டுச் சொன்னார்: "ஆளுக்கு ஒன்டு சொல்லுவாங்க. ஆனா மையித்து எத்தினை என்டது கருத்து இல்ல மகன். அது எண்ணிப் பாக்குற விசயம்."

முப்பது வருடங்கள் கழித்து, அந்த ஒலிபரப்புக்குப் பிறகுதான் அந்தப் பேச்சின் பொருள் எனக்கு முழுதாக விளங்கிற்று. ஒலிபரப்பில் சமநிலை வேண்டும் என்று அரசாங்கங்கள் விதி செய்த கதையை அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் முக்கியமானதைச் சொல்கிறேன்.

இந்த விதிகளில் உலகம் அதிகம் பேசியது அமெரிக்காவின் விதியைத்தான். "நியாயக் கோட்பாடு" என்று அதற்குப் பெயர். அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணைக்குழு 1949இல் அதை வகுத்தது. அலைவரிசைகள் எண்ணிக்கையில் குறைந்தவை. விரும்பியவரெல்லாம் வானொலி நடத்த முடியாது. ஆகவே அனுமதிப்பத்திரம் பெற்றவர் பொதுமக்களின் பொறுப்பாளர் போன்றவர் என்பதே அதன் அடிப்படை. அவருக்கு இரண்டு கடமைகள் விதிக்கப்பட்டன. பொது முக்கியத்துவமுள்ள சர்ச்சைக்குரிய விடயங்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது ஒன்று. அவற்றில் மாறுபட்ட கருத்துகளுக்கு நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என்பது மற்றது. நிமிடத்துக்கு நிமிடம் சமமாகப் பங்கிட வேண்டும் என்று அந்தக் கோட்பாடு சொல்லவில்லை. வேட்பாளர்களுக்குச் சம வாய்ப்பு என்பது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள வேறொரு விதி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

விதி ஏட்டில் இருந்தது. நாட்டில் என்ன நடந்தது என்பதற்கு மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் ஓர் உதாரணம். அங்கே டபிள்யூ.எல்.பி.ரி. என்றொரு தொலைக்காட்சி நிலையம். அது ஒலிபரப்பிய பிரதேசத்தில் கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்தனர். 1955இல் கறுப்பினச் சட்டத்தரணி தேர்குட் மார்ஷலின் பேட்டி தேசிய வலையமைப்பில் வந்தபோது, அந்த நிலையம் படத்தை மறைத்துவிட்டு "கம்பிக் கோளாறுக்கு வருந்துகிறோம்" என்று பலகை காட்டியது. கோளாறு கம்பியில் இருக்கவில்லை என்பது பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். எமது நாட்டில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1963இல் அந்நகர மேயர் தொலைக்காட்சியில் தோன்றிக் கறுப்பின மக்களின் போராட்டத்தைச் சாடினார். உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் பதில் சொல்ல நேரம் கேட்டார். வேறொரு காலமென்றால் சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் விதி இருந்தது. ஆணைக்குழுவின் கண்ணும் அந்த நிலையத்தின் மேல் இருந்தது. 1963 மே 20ஆம் திகதி அவருக்குப் பதினேழு நிமிடங்கள் கிடைத்தன. தெருவில் நடக்கும், கடையில் நிற்கும், வாக்களிக்க முடியாத ஒரு கறுப்பினத்தவரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை அந்நகரத்து வெள்ளையர்கள் தங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தபடி கேட்டார்கள். அவர் முகம் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்று. ஜூன் 12ஆம் திகதி அவர் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றேன். அவருக்கும் ஏறத்தாழ எனக்குக் கிடைத்த அளவு நேரம்தான். அவர் அதற்குள் தம் மக்களின் வாழ்க்கையைச் சொன்னார். நான் சாச்சியை மறைத்துவிட்டு வாதம் செய்தேன்.

அந்த நிலையத்தின் கதை அத்தோடு முடியவில்லை. 1964இல் ஒரு கிறிஸ்தவத் திருச்சபையும் உள்ளூர்வாசிகளும் சேர்ந்து, அந்நிலையத்துக்கு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுச் செய்தனர். பார்ப்பவர்களுக்கு இதில் வழக்காட என்ன உரித்து என்று ஆணைக்குழு கேட்டது. 1966இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதில் சொன்னது: பார்ப்பவருக்கும் கேட்பவருக்கும் உரித்து உண்டு. 1969இல் அந்த அனுமதிப்பத்திரத்தையே நீதிமன்றம் இல்லாதொழித்தது.

அதே 1969இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் நியாயக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. பென்சில்வேனியாவின் ரெட் லயன் என்னும் சிற்றூர் வானொலியில் 1964இல் ஒரு மதபோதகர் பதினைந்து நிமிட நிகழ்ச்சியில் ஃபிரெட் குக் என்ற எழுத்தாளரைத் தாக்கிப் பேசினார். குக் பதிலளிக்க இலவச நேரம் கேட்டார், நிலையம் மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. ஒலிபரப்பாளரின் உரிமையைவிடக் கேட்பவர்களின் உரிமையே மேலானது என்று எட்டு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் வாப்பா சொன்னதுபோல் தட்டின் அடியையும் பார்க்க வேண்டும். தமக்குப் பிடிக்காத வானொலிகளைத் தொல்லைப்படுத்த ஆளுங்கட்சிக்காரர்கள் இதே விதியைப் பயன்படுத்தினர் என்பதைப் பிற்காலத்தில் மூத்த ஒலிபரப்பாளர் ஃபிரெட் ஃபிரெண்ட்லி வெளிப்படுத்தினார். ரெட் லயன் வழக்கின் பின்னணியிலும் அந்தக் கட்சியின் கை இருந்தது. இன்னொரு தீமையும் சொல்லப்பட்டது. சர்ச்சையான விடயத்தைப் பேசினால் மறுதரப்புக்கும் நேரம் கொடுக்க வேண்டும், முறைப்பாடு வரும், சட்டத்தரணிக்குச் செலவாகும். அதைவிடப் பேசாமலே இருந்துவிடலாம் என்று பல நிலையங்கள் சினிமாவும் சங்கீதமுமாக ஒதுங்கின. பேச்சைக் கூட்டச் செய்த விதி பேச்சைக் குறைக்கிறது என்று ஆணைக்குழுவே 1985இல் அறிக்கை எழுதியது. 1987 ஓகஸ்ட்டில் கோட்பாட்டைக் கைவிட்டது. அதைச் சட்டமாக்க அமெரிக்கக் காங்கிரஸ் அதே வருடம் முயன்றபோது ஜனாதிபதி ரேகன் தமது தடை அதிகாரத்தால் அதை நிறுத்தினார். அதன் பின் ஒரே பக்கத்தை நாள் முழுவதும் பேசும் வானொலிகள் அங்கு பெருகின. விதி போனதுதான் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு பக்கத்தைக் கேட்பவர் மறுபக்கத்தைக் கேட்காமலே வாழ்ந்து முடிக்கலாம் என்ற நிலை அங்கே வந்துவிட்டது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். கேட்பவர் நீதிமன்றம் ஏறிய கதை எம்மிடமும் உண்டு என்பது எமது இலக்கியக்காரர் பலருக்குத் தெரியாது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று நடந்துவந்தது. நேயர்கள் தொலைபேசியில் பங்குபற்றும் நிகழ்ச்சி அது. 1995 பெப்ரவரியில் அது திடீரென நிறுத்தப்பட்டது. அதில் பங்குபற்றி வந்த ஒரு நேயர் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பில், பங்குபற்றும் நேயருக்கும் கருத்துச் சுதந்திரம் உண்டு, அது மீறப்பட்டுள்ளது என்று உயர் நீதிமன்றம் கூறியது. வானொலியின் மறுமுனையில் இருப்பவரும் ஒரு பிரஜை என்பதை இந்த மண்ணில் நிலைநாட்டிய தீர்ப்பு அது.

அடுத்த வருடமே இன்னொன்று நடந்தது. தனியார் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் பெருகியிருந்த காலம். அன்றைய அரசாங்கம் 1997இல் இலங்கை ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒலிபரப்பை ஒழுங்குபடுத்துவதே நோக்கம் என்றது. அதை எதிர்த்துப் பலர் உயர் நீதிமன்றம் சென்றனர். 1997 மே 5ஆம் திகதிய தீர்மானத்தில் நீதிமன்றம் இரண்டு விடயங்களைச் சேர்த்துச் சொன்னது. அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து. அரசாங்கமோ ஒரு சிலரோ அவற்றை ஏகபோகமாக்க விடக் கூடாது. ஆகவே ஒழுங்குவிதி தேவை என்பது ஒன்று. ஆனால் ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்டதாக இருக்க வேண்டும். இந்தச் சட்டமூலத்தின் சபை அவ்வாறில்லை என்பது மற்றது. அரச நிலையங்களுக்கு ஒரு நீதி, தனியார் நிலையங்களுக்கு வேறொரு நீதி என்று அது பாகுபாடு காட்டுவதையும் நீதிமன்றம் பிழையெனக் கண்டது. அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது.

வாப்பாவின் பாஷையில் சொன்னால்: முத்திரை குத்த வருகின்ற உத்தியோகத்தரே பக்கத்தில் ஒரு கடை வைத்திருந்து, தன் கடைத் தராசை மட்டும் பரிசோதிக்காமல் விட்டால், அந்த முத்திரைக்கு என்ன பெறுமதி?

2001இல் வந்த அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் தேர்தல் காலத்துக்கு ஒரு வழி செய்தது. ஒலிபரப்பாளர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தேர்தல் வழிகாட்டல்களை வழங்கும் அதிகாரம் தேர்தல் ஆணைக்குழுவுக்குத் தரப்பட்டது. அரச வானொலியோ ரூபவாஹினியோ அவற்றை மீறினால், அரசியல் ஒலிபரப்புகளை மட்டும் பொறுப்பேற்க ஒரு தகுதிவாய்ந்த அதிகாரியை நியமிக்கலாம் என்றும் அது சொன்னது. ஏட்டில் பார்த்தால் உலகத்தில் பல நாடுகளிலும் இல்லாத நல்ல விதி. ஆணைக்குழு அமைக்கப்படாத நிலையில் தேர்தல் ஆணையாளராகவே தொடர்ந்த தயானந்த திசாநாயக்க, 2010 ஜனாதிபதித் தேர்தலில் அவ்வாறு அதிகாரியை நியமித்தும் பார்த்தார். பயன் கிட்டவில்லை. அரச ஊடகங்கள் தமது வழிகாட்டல்களை மதிக்கவில்லை என்று அவரே பகிரங்கமாகக் குறைப்பட்டுக்கொண்டார். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு, பிரதமர் ஒருவர் நீக்கப்பட்டு இன்னொருவர் நியமிக்கப்பட்டபோது, முதல் வேலையாகப் போட்டிக்குள்ளானவற்றில் ரூபவாஹினியும் ஒன்று. அன்றிரவு அதன் ஒளிபரப்பும் தடைப்பட்டது. எமது நாட்டில் அதிகாரம் கைமாறும்போது தராசும் சேர்ந்து கைமாறுகிறது.

இவ்வளவையும் படித்த பின் விதியே வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறதா என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். இல்லை. விதி இருந்ததால்தான் மெட்கர் எவர்ஸுக்குப் பதினேழு நிமிடங்கள் கிடைத்தன. சொந்தமாக வானொலி வைத்திருப்பவனுக்கும் தொலைக்காட்சி வைத்திருப்பவனுக்கும் விதி தேவைப்படாது. எம்மைப் போன்ற சிறு சமூகங்களுக்குத்தான் அது தேவை. எம்மைப் பற்றி ஒருவர் பொய் சொல்லும்போது, அதே மேடையில், அதே நேயர்களிடம் பதில் சொல்ல ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவின் சாவி ஆட்சியில் இருப்பவரின் மடியில் இருக்கக் கூடாது.

ஆனால் விதி மட்டும் போதாது என்பதை எனக்குப் படிப்பித்தது என் சொந்தப் பதினைந்து நிமிடங்கள். அன்று நிமிடங்கள் சமமாகத்தான் இருந்தன. தராசு முள் நேராகத்தான் நின்றது. புளி தட்டின் அடியில் இருந்தது. "அடக்கமா, தகனமா?" என்ற அந்தத் தலைப்புத்தான் புளி. கிருமி மண்ணில் ஊறி நீரில் கலக்குமா என்பது ஆராய்ந்து அறிய வேண்டிய விடயம். அதை முஸ்லிம் கருத்து, மற்றவர் கருத்து என்று இரண்டாகப் பிளந்து எதிரெதிரே உட்கார வைத்ததும், ஆராய்ச்சி மறைந்து வாய்த்தர்க்கம் மட்டும் மிஞ்சியது. ஒரு வைத்தியர் இருந்திருக்க வேண்டிய கதிரையில் என்னை உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அரசியல் கொள்கையில் இரு தரப்பு உண்டு; இருக்கவும் வேண்டும். வரி கூட்டுவதா குறைப்பதா, அதிகாரம் பகிர்வதா இல்லையா என்பதில் எல்லோருக்கும் நேரம் கொடுக்கட்டும். மையித்துகளின் எண்ணிக்கையில் இரு தரப்பு இல்லை.

பிரித்தானியாவில் இந்த வேறுபாட்டை உணர அவர்களுக்கும் காலமெடுத்தது. அங்கே ஒலிபரப்பில் "உரிய பக்கச்சார்பின்மை" வேண்டும் என்பது சட்டம். அதிலுள்ள "உரிய" என்ற சொல்லுக்குப் பெறுமதி உண்டு. காலநிலை மாற்றம் பற்றிய நிகழ்ச்சிகளில் அறிவியலாளர் ஒருவர், அதை மறுப்பவர் ஒருவர் என்று சமமாக உட்கார வைத்தது தவறு என்று பி.பி.சி. 2018இல் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவு 2020இல் எமது நாட்டை வந்து சேரவில்லை.

அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாட்களேயான ஒரு பச்சைக் குழந்தையின் உடல் தகனம் செய்யப்பட்டது. பொரளை மயானத்தின் வாசலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவக் குருமாரும் கட்டினர். எந்த விதியும் அவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தரவில்லை. அந்தத் துணிகள் எங்களின் முப்பது நிமிட விவாதத்தைவிட அதிகம் பேசின. காரணம், அங்கே நின்றவர்கள் தரப்பாக நிற்கவில்லை.

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடி மண்ணில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. அந்தச் செய்தியை நான் வானொலியில்தான் கேட்டேன். அறிவிப்பாளர் ஒரு செய்தியாக வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார். மறுதரப்பை எவரும் அழைக்கவில்லை. "இரண்டு கருத்துகளையும் கேட்டீர்கள்" என்று எவரும் சொல்லவில்லை. அன்று அது உண்மையாகவே வாசிக்கப்பட்டது. 2020இலும் அது உண்மையாகத்தான் இருந்தது.

சாச்சியின் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரும் கேட்டிருந்தார்.

"இப்ப பேசக் கூப்பிட்டா என்ன நானா சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

மனதுக்குள் நாலு வருடங்களாக எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன். எனக்குச் சோறு ஊட்டிய கை அது, வலது கையின் சுண்டு விரல் சற்று வளைந்திருக்கும், பெருநாளைக்கு முதல் நாள் இரவு முழுக்க இருந்து எங்கள் எல்லோருக்கும் உடுப்புத் தைப்பார், அவரைக் குளிப்பாட்ட எமக்கு விடவில்லை என்று தொடங்குவேன் என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அதுக்குப் பதினைஞ்சு நிமிசம் தேவையில்ல நானா."

ஆம், தேவையில்லைதான். அவருக்குப் பதினைந்து, எனக்குப் பதினைந்து என்று எவராவது இனி அழைத்தால், முதலில் தலைப்பைக் கேட்பேன். தட்டைத் திருப்பி அடியில் பார்த்துவிட்டுத்தான் பேசப் போவேன்.